ஆறாவது தொட்டி எங்கே

இன்னும் கொஞ்ச நேரந்தான், இசக்கிராஜ் இறங்கினதும் அவள் பேரைக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டதும் எழுந்து போகவேண்டும், போய் என்னத்தைச் சொல்ல என்று முப்பிடாதி நினைத்தாள். செமினார் ஹால் ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தார்கள், திரையில் படம் தெரியவேண்டுமே, அதனால் காற்றுக்கும் வழியில்லை. தலைக்கு மேலே காத்தாடி ஒன்று சுற்றுகிறதா, முனங்குகிறதா என்று சொல்லமுடியாத கதியில் கிடந்தது. மேடையில் இசக்கிராஜ் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையில் இருந்த இங்கிலீஷை வாசித்தான். ரெண்டாம் வருஷத்துப் பையன். வாசிக்கிற வாய்க்கும் வாசிக்கிற சங்கதிக்கும் ஒட்டு உறவு இல்லை, பஸ்ஸில் கண்டக்டர் ஊர்ப்பேர் சொல்கிற மாதிரி ஒரே ராகம். அந்தப் படங்கள் அவன் செய்ததும் இல்லை. அவனுக்கு முந்தின செட் அண்ணன்மார் கொடுத்தது, அவர்களுக்கு அதற்கும் முந்தினவர்கள் கொடுத்தது, பென்டிரைவ் மாற்றி பென்டிரைவ் ஏறி வந்து சேர்ந்தது. விலங்கியல் துறையில் வருஷா வருஷம் இந்த நாள் இப்படித்தான். வெளியிலிருந்து ஒரு பெரிய ஆளைக் கூப்பிட்டு, பொன்னாடை போட்டு, முன்வரிசையில் உட்காரவைத்து, பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ஆராய்ச்சிப் பேப்பரை எடுத்துச் சொல்லவேண்டும். எடுத்துச் சொல்வது என்றால், பேப்பரின் தலைப்புக்குக் கீழே சின்னதாக ஒரு பத்தி போட்டிருப்பார்கள், அப்ஸ்ட்ராக்ட் என்று பேர், கதைச்சுருக்கம் மாதிரி. அதைமட்டும் நறுக்கி நாலு படமாக ஒட்டி வாசித்துவிட்டு நன்றி சொல்லி இறங்கிவிடுவது. உள்ளே இருக்கிற மிச்சப் பக்கங்களை யாரும் திறக்கமாட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போய் வாசலில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு அப்படியே திரும்பி வருகிற மாதிரி. இந்த வருஷம் வந்திருக்கிற பெரிய ஆள் சதானந்தன் சார், எங்கேயோ பெரிய ஆய்வு நிறுவனத்தில் தலைவர். கோடை லீவுக்கு இந்தக் கல்லூரியிலிருந்து ரெண்டே ரெண்டு பிள்ளைகளைத் தன் ஆய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஹெப்சிபா மேடம் முப்பிடாதியின் பேரை ஏற்கெனவே அவர் காதில் போட்டு வைத்திருந்தார்கள். "முதல் வருஷந்தான் சார், ஆனா நல்லாப் படிக்கிற பொண்ணு." இன்றைக்கு ஒழுங்காகப் பேசிவிட்டால் போதும். ஒழுங்காக. அந்தச் சொல்தான் முள்ளாகக் குத்திக்கொண்டு கிடந்தது.

ஒழுங்கு என்றால் அவளுக்குத் தெரியாதா. பேப்பர் தேடத் தொடங்கின முதல் நாள் போனில் 'உயிரியல் ஆராய்ச்சிப் பேப்பர்' என்று அடித்தாள். கோச்சிங் சென்டர் விளம்பரமும், முடி கொட்டுவதற்கு எண்ணெய் விளம்பரமும் வந்து விழுந்தன. பிறகு ரிஸ்வானா, அவள் பக்கத்து பெஞ்சுக்காரி, இதோ இப்பவும் பக்கத்தில் முழங்காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே அவள்தான், "ஏட்டி, அப்படித் தேடினா கெடைக்காது, பேப்பர் தேடுததுக்குன்னு தனி எடம் இருக்குன்னு மேடம் சொன்னாங்கல்லா" என்று வேறொரு பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். அங்கே லட்சக்கணக்கில் கிடந்தது. தலைப்பைப் படித்து முடிக்கிறதற்குள் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு தலைப்பும் ரயில்பெட்டி மாதிரி நீளம், பெட்டிக்குப் பெட்டி தெரியாத சொல். அவள் ஒரு வழி பண்ணினாள். தலைப்பில் ஒரேயொரு சொல்மட்டும் தெரியாததாக இருக்கிற பேப்பரைத் தேடினாள். அப்படித்தான் அந்த நத்தை வந்து சிக்கியது. குளத்து நத்தை, ராத்திரியில் விளக்கு வெளிச்சம் பட்டால் அது முட்டை போடுவது குறைகிறது என்று யாரோ தூரதேசத்தில் சோதித்துப் பார்த்து எழுதினது. சொடுக்கினாள். பூட்டுப் படம் வந்தது. உள்ளே வரவேண்டுமென்றால் டாலரை எடு என்றது. நத்தையைப் பற்றி எழுதினதைப் படிக்க டாலரா என்று ரிஸ்வானா சிரித்தாள், முப்பிடாதிக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. காலேஜில் சேர்ந்த இந்த ஆறு மாசமாக எது வந்தாலும் அவளுக்குக் கோபமாகத்தான் வந்தது. மேடந்தான் சொன்னார்கள், எழுதினவங்களுக்கே ஒரு மெயில் போடும்மா, கேட்டா அனுப்புவாங்க என்று. மெயில் எப்படி எழுத? பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் கடிதம் லீவ் லெட்டர். காய்ச்சலால் அவதிப்படுவதால் இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதில் காய்ச்சலை எடுத்துவிட்டுப் பேப்பரைப் போட்டாள். மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, தங்கள் பேப்பர் இல்லாமல் அவதிப்படுவதால் அதைத் தயவுகூர்ந்து அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி. ரிஸ்வானா அதைப் படித்துவிட்டு வகுப்பு முழுக்க நடித்துக் காட்டினாள். "கீழ்ப்படிதலுள்ள மாணவி! அவிய ஒன்ன முட்டி போடச் சொல்லப்போறாவ, பாரு." ஆனால் மறுநாளே வந்துவிட்டது. பேப்பர் முழுசும். கூடவே ரெண்டு வரி. உன் அவதி தீரட்டும், என் வேலையை இவ்வளவு ஆசையாக யாரும் கேட்டதில்லை என்று அந்த அம்மா எழுதியிருந்தாள். ஆமாம், அம்மாதான், பேரை வைத்து ஆணா பெண்ணா என்று தெரியாமல் இருந்தது, கடைசியில் கையெழுத்துக்குக் கீழே சின்னப் படம் இருந்தது, நரைத்த முடியும் மூக்குக்கண்ணாடியுமாக. அந்த அம்மாவைப் போய் நாம் குறை சொல்லவா? அனுப்பிவைத்த கையை? முப்பிடாதி உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வேர்த்தது.

குறையா சொல்லப்போகிறோம், கேட்கத்தானே போகிறோம். கேட்கிறதும் குறை சொல்கிறதும் ஒன்றா. மேடத்துக்கு ஒன்றுதான். மேடையில் இசக்கிராஜ் ஒரு படத்தை மாற்றினான். அதில் என்ன இருந்ததோ அவளுக்குத் தெரியவில்லை, அவள் கண்ணில் நின்றது அந்த நத்தைப் பேப்பரின் முதல் பக்கம். பென்சிலால் ஒவ்வொரு சொல்லுக்கு மேலேயும் தமிழில் அர்த்தம் எழுதி எழுதிப் பக்கமே எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிட்டது. அர்த்தம் எழுதினாலும் அர்த்தம் வரவில்லை. எல்லாச் சொல்லும் தெரிகிறது, வாக்கியம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறது. அப்புறந்தான் அவள் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தாள். மனப்பாடம். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் எதைப் படித்தாலும் அப்படித்தான் படித்தாள், கோச்சிங் சென்டரிலும் அதையேதான் ஊட்டினார்கள். அங்கே ஒரு சார் உண்டு, கையில் நிறுத்துக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, "யோசிக்காத, டிக் அடி, யோசிச்சா நேரம் போயிரும்" என்று முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். அவர் செருப்புச் சத்தம் இப்பவும் சில நேரம் காதில் கேட்கிறது. அதனால் பேப்பரையும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய், அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து, சத்தம் போட்டு, வரிவரியாக நெட்டுருப் போட்டாள். தலைப்பு, எழுதினவர்கள் பேர், அப்ஸ்ட்ராக்ட், பிறகு எப்படிச் செய்தோம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிற பகுதி, பிறகு என்ன கிடைத்தது, கடைசியில் எந்தெந்தப் பேப்பரைப் பார்த்தோம் என்கிற பட்டியல்வரை. அதையுமா என்று ரிஸ்வானா தலையில் அடித்துக்கொண்டாள். கீழே வளவில் பீடி சுற்றிக்கொண்டிருந்த முத்துலட்சுமி அத்தை அண்ணாந்து பார்த்து, "ஏ பிள்ள, எந்தச் சாமிக்கு மந்திரம் சொல்லுத? நல்ல மாப்பிள்ளையாக் கேளு" என்றாள். அவளோடு உட்கார்ந்திருந்த அம்மை மடியில் சுளகை வைத்தபடி, "அவ நத்தைக்கு மந்திரம் சொல்லுதா, நீ இலையை வெட்டு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். முப்பிடாதி இன்னும் சத்தமாகச் சொன்னாள். சிரிக்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னாள். அப்படிச் சொல்லிக்கொண்டே நடந்தபோதுதான் நாக்கு ஓரிடத்தில் இடறியது.

நாக்குதான் கண்டுபிடித்தது, அவள் இல்லை. சத்தியமாக அவள் இல்லை. கண்ணால் படித்துக்கொண்டு போனால் தெரிந்திருக்காது, கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். மனப்பாடம் அப்படி இல்லை, முந்தின வரி வாயில் இருக்கும்போதே அடுத்த வரி வந்து அதன்மேல் உட்காரும், பொருந்தாவிட்டால் உள்ளே எதுவோ இடிக்கும். எப்படிச் செய்தோம் என்கிற பகுதியில், வெளிச்சத்தில் ஆறு தொட்டி, இருட்டில் ஆறு தொட்டி வைத்தோம் என்று வருகிறது. என்ன கிடைத்தது என்கிற பகுதியில், வெளிச்சத்தில் இருந்த ஐந்து தொட்டியிலும் முட்டை குறைந்தது என்று வருகிறது. ஆறு, ஐந்து. அவள் திரும்பச் சொன்னாள். ஆறு. ஐந்து. நாம்தான் தப்பாகப் பாடம் பண்ணிவிட்டோம் என்று பேப்பரைப் பார்த்தாள். தப்பில்லை. படத்தைப் பார்த்தாள், மூன்றாவது படம், ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். இருட்டுப் பக்கம் ஆறு புள்ளி. வெளிச்சப் பக்கம் ஐந்து. விரல் நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மாடியில் வெளிச்சம் போய்விட்டது, போன் வெளிச்சத்தில் எண்ணினாள். ஆறாவது தொட்டி எங்கே? அன்றைக்குத் தொற்றினதுதான். சோறு தின்னும்போது ஆறாவது தொட்டி, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஆறாவது தொட்டி, தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது ஆறாவது தொட்டி. உடைந்திருக்குமோ. அவளை மாதிரி யாராவது ஒரு பிள்ளை கைதவறிப் போட்டு உடைத்திருக்குமோ, வெளியே சொல்லப் பயந்து நின்றிருக்குமோ. தண்ணீர் மாற்ற மறந்து நத்தையெல்லாம் செத்திருக்குமோ. செத்தால் செத்தது என்று ஒரு வரி எழுதினால் என்ன. இல்லையென்றால், இதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது, அந்த ஆறாவது தொட்டியில் இருந்த நத்தை மட்டும் விளக்கை அண்ணாந்து பார்த்து, எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போ, எனக்கென்ன என்று எப்பவும்போல முட்டை போட்டிருக்குமோ. மற்ற ஐந்தும் பயந்து ஓட்டுக்குள் போனபோது அதுமட்டும் போகாமல் இருந்திருக்குமோ. அதனால்தான் அதைக் காணோமோ. இப்படி நினைக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு துள்ளல் வரும். வந்த வேகத்தில் பயமும் வரும். நீயா முடிவு பண்ணுகிறாய், உனக்கு என்ன தெரியும், செத்திருந்தால்? தெரியாது. அதுதான் உண்மை, அவளுக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்கிறதை ஏன் சொல்லக்கூடாது?

மேடத்திடம் போய்ச் சொன்னபோது மேடம் முதலில் நல்லபடியாகத்தான் கேட்டார்கள். மேசைக்கு எதிரே உட்காரவைத்து, அவர்களுடைய டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வாழைக்காய் பஜ்ஜியை எடுத்துக் கொடுத்து, "ரெண்டு புள்ளி ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்திருக்கும்மா, ரெண்டு தொட்டியிலயும் ஒரே எண்ணிக்கை வந்தா அப்படித்தான் தெரியும்" என்றார்கள். முப்பிடாதிக்கு வெட்கமாகப் போய்விட்டது, அட ஆமாம், இது தோணவில்லையே என்று. ஓடிப்போய் மறுபடி பார்த்தாள். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வெளிச்சம் ஐந்து, இருட்டு ஆறு என்று அவர்களே போட்டிருந்தார்கள். புள்ளி ஏறி உட்காரவில்லை. தொட்டியே இல்லை. திரும்பப் போனாள். "அச்சுப்பிழையா இருக்கும்" என்றார்கள் மேடம். அச்சுப்பிழை என்றால் மூன்று இடத்திலுமா மேடம் என்றாள். அதற்குத்தான் மேடத்தின் முகம் மாறியது. "முப்பிடாதி, இதை ரெண்டு பெரிய விஞ்ஞானி படிச்சுப் பாத்து, சரின்னு சொன்ன பிறகுதான் அச்சடிப்பாங்க. அவங்க கண்ணுக்குத் தெரியாதது உன் கண்ணுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்?" ஏச்சில்லை அது. மெதுவாக, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். ஆனால் வார்த்தை போய் எங்கேயோ அடியில் தைத்துக்கொண்டது. உன் கண்ணுக்கு. உன் கண்ணுக்கு. வேறு யார் கண்ணால் படிக்க? அந்தத் தூரதேசத்து அம்மாவுக்கு ரெண்டாவது மெயில் போட்டாள், இந்தத் தடவை அவதியும் கீழ்ப்படிதலும் இல்லாமல், ஆறாவது தொட்டி என்ன ஆயிற்று என்று ஒரே கேள்வி. பதில் வரவில்லை. லீவில் போயிருப்பாளோ, உடம்பு சரியில்லையோ, கோபமோ. இன்றைக்குக் காலையில்கூடப் பார்த்தாள், வரவில்லை. காலையில்தான் மேடம் வராந்தாவில் வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். "அந்த மூணாவது படம் கடைசியில கெடந்துட்டுப் போகட்டும். அதுக்கு முன்னாடி நன்றி சொல்லி இறங்கிரு. சார் எப்படிப்பட்ட ஆளுன்னு உனக்குத் தெரியாது, ஒரு தடவை ஒரு பையன் எதையோ உளறி, படிக்கவே தெரியாத பிள்ளைகள்னு நம்ம துறையையே ரெண்டு வருஷம் ஒதுக்கி வச்சிட்டார். உனக்கு அந்த சீட் வேணும்ல? எனக்கு நீ போகணும்னு ஆசையா இருக்கும்மா." சரி மேடம் என்று தலையாட்டினாள். தலையாட்டியது அவள்தான், வேறு யாரும் இல்லை. மேடம் கெட்டவளாக இருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். ஏசினால் எதிர்த்துக்கொண்டு போகலாம், பஜ்ஜி கொடுத்த கையை என்ன பண்ண.

"ஏட்டி, எதுக்கு இப்படி மூச்சு விடுத, மாடு மாதிரி" என்று ரிஸ்வானா காதில் கிசுகிசுத்தாள். "பயமா இருக்கா?" இல்லை என்றாள் முப்பிடாதி. "எனக்கே பயமா இருக்கு, ஒனக்கு இல்லியாக்கும்." இருந்தது. பயம் என்னவென்றால், அந்த சீட். அவள் கண்ணை மூடினால் தெரியும், வெள்ளைக் கோட்டு, ஒருவர் கண் வைத்துவிட்டு எழுந்தால் அடுத்தவர் கண் வைக்க வரிசையில் நிற்கவேண்டாத மைக்ராஸ்கோப், ஆளுக்கு ஒன்று. அங்கே போய்விட்டு வந்தால் சொந்தக்காரர்கள் வாயை அடைக்கலாம். டாக்டர் சீட்டு கிடைக்காததால் பூச்சி புழுவைப் படிக்கப் போயிருக்கா என்று மாமா கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னாரே. அந்த வாயை. அப்புறம் அந்த வருஷம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கோச்சிங் சென்டரில் போய் ஒரு வருஷம் முழுக்கக் கிடந்து, டாக்டர் சீட்டுப் பரீட்சையில் மார்க் போதாமல் போய், ரிசல்ட் வந்த அன்று அப்பா லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனவர் ராத்திரிச் சோற்றுக்குத்தான் வந்தார். அதற்குப் பிறகு வீட்டில் அந்த வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. யாராவது கேட்டால் அம்மை, "இப்பத்தான் பன்னெண்டு முடிச்சா, உடனே காலேஜ்ல சேத்தாச்சு" என்று சொல்வாள். ஒரு வருஷம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அவள் வயசில் ஒன்று குறைந்தது. அந்த வருஷத்தில் அவள் பல் தேய்த்தாள், அழுதாள், மாதவிலக்கானாள், செல்லின் பாகமெல்லாம் பாடம் பண்ணினாள், ஹாஸ்டல் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள், அதெல்லாம் எங்கே போயிற்று? சரியாக வராததை எல்லோரும் இப்படித்தான் எடுத்துவிடுவார்களோ. எடுத்துவிட்டு, பாக்கி இருப்பதை வரிசையாக வைத்து, பாருங்கள் எவ்வளவு ஒழுங்கு என்று காட்டுவார்களோ. அந்தத் தூரதேசத்து அம்மாவும் எங்கள் அம்மையும் ஒரே ஆள்தானா. அப்படிச் சொல்லவும் முடியாது, அங்கே நியாயமான காரணம் இருக்கலாம், எழுத மறந்திருக்கலாம். ஆனால் அம்மையிடம் கேட்கமுடியாததை அவளிடமாவது கேட்கக்கூடாதா. எழுதினவள்தானே. எழுதினால் கேட்பார்கள் என்று தெரிந்துதானே எழுதினாள். கேட்கக்கூடாது என்றால் அந்த மிச்சப் பக்கத்தையெல்லாம் எதற்கு அச்சடித்தார்கள், சந்தனம் பூசிக்கொண்டு திரும்பிப் போவதற்கா.

கைதட்டினார்கள். இசக்கிராஜின் கடைசிப் படம் திரையில் இருந்தது, பெரிசாக நன்றி, ஒரு ரோஜாப் பூ, பூவுக்குக் கீழே 'வழங்குபவர்: சு. பட்டுராஜன்' என்று இருந்தது. எந்தக் காலத்துப் பட்டுராஜனோ. மாற்ற மறந்திருக்கிறான், அவனுக்கு முந்தினவனும் மறந்திருக்கிறான். பின்வரிசையில் யாரோ "பட்டுராஜா, நல்லாப் பேசினடே" என்று மெதுவாகச் சொல்ல, பெஞ்சே குலுங்கியது. சதானந்தன் சார் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த முந்திரியில் ஒன்றை எடுத்துக்கொண்டு, "எக்ஸலண்ட். வெரி நீட்" என்றார். கேள்வி ஏதும் கேட்கவில்லை. எக்ஸலண்ட். முப்பிடாதிக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. பட்டுராஜன் எக்ஸலண்ட். இந்த ஹாலில் இல்லாத ஒருவன், இசக்கிராஜ் படிக்காத ஒரு பேப்பரை, சார் கேட்காமல் கேட்டு, எக்ஸலண்ட். பயம் அந்த இடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, போகவில்லை, வழிமட்டும் விட்டது. யாரோ மைக்கில் அவள் பேரைத் தப்பாகச் சொன்னார்கள், பேரைக் கேட்டு ரெண்டு பேர் சிரித்தார்கள், எப்பவும் சிரிப்பார்கள், அவள் எழுந்தாள். மேடைக்கு நடந்தாள்.

முதல் படங்களைச் சொல்லும்போது என்ன பேசினாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை, பாடம் பண்ணினது பழக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. நத்தை, விளக்கு, முட்டை. ஆறு தொட்டி, ஆறு தொட்டி. மேடம் கதவோரம் நின்று ரெண்டு கையையும் கூப்பிக் காட்டினார்கள், நன்றி சொல்லு என்று. படம் மாற்றுகிற பொத்தான் மேலே இருந்த கட்டைவிரலை அவள் பார்த்தாள். நகத்தில் பென்சில் கரி இருந்தது. இப்போது நன்றி என்றால் எக்ஸலண்ட் கிடைக்கும். வெள்ளைக் கோட்டு கிடைக்கும். அந்தத் தொட்டி இல்லாமல் போகும், அவ்வளவுதான், ஒரு தொட்டிதானே, நத்தைதானே, யார் அழப்போகிறார்கள். யோசிக்காத, டிக் அடி என்று செருப்புச் சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்தது. அவள் நின்று யோசித்தாள். எல்லோரும் காத்திருக்க, நேரம் போகப் போக, போகட்டும் என்று நின்று யோசித்தாள். பிறகு அழுத்தினாள்.

புள்ளி வைத்த அந்த மூன்றாவது படம் வந்தது. மேடம் கையை இறக்கிவிட்டார்கள்.

"சார், இங்க ஒவ்வொரு புள்ளியும் ஒரு தொட்டி" என்றாள் முப்பிடாதி. இங்கிலீஷ் எங்கேயோ போய்விட்டது, தமிழில்தான் வந்தது. "வெளிச்சத்துல ஆறு தொட்டி வச்சதா எழுதியிருக்காங்க. படத்துல அஞ்சுதான் இருக்கு. ஆறாவது என்ன ஆச்சுன்னு இந்தப் பேப்பர்ல எங்கயும் இல்ல. முழுசாத் தேடிட்டேன்."

சதானந்தன் சார் முந்திரியை வாயில் போடாமல் வைத்துக்கொண்டிருந்தார். "முழுசா படிச்சியா நீ?"

"படிச்சேன் சார்."

"இது உங்க மேடம் சொல்லிக் கொடுத்த பாயிண்ட்டா?"

"இல்ல சார். நானாப் படிச்சது."

"ரெண்டு எக்ஸ்பர்ட் பாத்து ஓகே பண்ணின பேப்பர்மா அது. அவங்களுக்குத் தெரியாதா?"

"அவங்க என்ன பாத்தாங்கன்னு எனக்குத் தெரியாது சார். நான் பாத்ததைத்தான் சொல்லுதேன்."

ரிஸ்வானா முழங்காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"சரி. அப்ப உன் கன்க்ளூஷன் என்ன?"

"வெளிச்சம் பட்டா முட்டை குறையுதுன்னு அஞ்சு தொட்டி சொல்லுது சார். ஆறாவது என்ன சொல்லிச்சுன்னு எனக்குத் தெரியல. எழுதினவங்ககிட்ட மெயில்ல கேட்டேன், இன்னும் பதில் வரல. தப்புன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி வாசிச்சிட்டு இறங்க எனக்கு மனசில்ல, அவ்வளவுதான்."

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து திரையைப் பார்த்தார். கோபமா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் உதடுமட்டும் லேசாக அசைந்தது, புள்ளிகளை எண்ணுகிறாரோ என்னவோ.

"நெக்ஸ்ட் ஸ்லைடு" என்றார்.

"இல்ல சார். இதோட முடிஞ்சுது."

"தேங்க் யூ ஸ்லைடு?"

"வைக்கல சார்."

பின்வரிசையில் ஒருத்தன், "வந்து உக்காரு பிள்ள, போதும்" என்றான். கதவோரத்திலிருந்து மேடமும், இப்போது கெஞ்சுகிற மாதிரி, கையால் கீழே வா என்று காட்டினார்கள். புரொஜெக்டர் வெளிச்சம் அவள் மேல் விழுந்து, புள்ளிகள் அவள் துப்பட்டாவிலும் கழுத்திலும் ஏறிக் கிடந்தன. கண் கூசியது. அவள் கையால் மறைத்துக்கொள்ளவும் இல்லை, நகரவும் இல்லை.

"கேள்வி இருந்தா கேளுங்க சார்" என்றாள். "நிக்கேன்."